இரும்புத் துணுக்கு

கடையநல்லூரிலிருந்து சம்பந்தி வீட்டார் பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவார்கள். மகள் ஆயிஷா சித்திகாவுக்கு ஏழாம் மாதம். அவளையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேர் வருவதாக முந்தின நாள்தான் போன் வந்திருந்தது. ஜுலைகா பீவி விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. ஒரு அடுப்பில் கறி ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் நெய்ச்சோற்றுக்குத் தாளிக்கச் சட்டி ஏற்றியிருந்தாள். ஆடித்தபசுக்கு இன்னும் ஒரு வாரம். காற்று தெருப் புழுதியை வாரிக்கொண்டு வந்து ஜன்னல் கதவில் அறைந்தது. ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் சோற்றில் மண்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் கணவர் ஆதம் ஒரு பழைய இரும்புக் கரண்டியில் மணலைப் போட்டு, அதன்மேல் விரல் நீளக் கம்பி ஒன்றைக் கிடத்தி, அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஒரு பத்து நிமிசம் அடுப்ப விடுட்டி."

"என்னத்துக்கு?"

"அச்சத் தட்டி எடுக்கப் பஞ்ச் ஒண்ணு கடைஞ்சிருக்கேன். காலையில சிவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினேன்லா, அதுல இரும்பு கண்ணாடி மாதிரி ஆயிட்டு, தட்டினா தெறிச்சுரும். இப்பம் மணல்ல வச்சு லேசாச் சூடு காட்டணும். வைக்கோல் நெறம் வந்ததும் எடுத்துருவேன்."

"நல்லாருக்கே. சம்மந்தி வீட்டாளுங்க பசியோட வந்து உக்காருவாங்க, நான் உங்க கம்பிய அவிச்சுக்கிட்டு நிக்கேன். போங்க அங்கிட்டு. நாளைக்கு வச்சுக்கிடுங்க."

ஆதம் சிரித்தார். கரண்டியிலிருந்து கம்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கோபமெல்லாம் இல்லை. அவருக்குச் சட்டென்று கோபம் வராது.

ஆதமுக்கு நாற்பத்தொன்பது வயது. சங்கரன்கோவிலில் நாலைந்து விசைத்தறிக் கூடங்களுக்கு அவர்தான் தறி மெக்கானிக். தறி நின்றுபோனால் கூப்பிடுவார்கள், சைக்கிளில் போய் ஓடவிட்டு வருவார். அது பிழைப்பு. அவருடைய ஆசை வேறு. முன்பு சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தபோது, அறையில் கூடத் தங்கியிருந்தவர் குப்பையில் போட்ட கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துப் பிரித்திருக்கிறார். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைப் பூட்டக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது. அன்று பிடித்தது. ஊர் திரும்பிய பிறகு, கோயம்புத்தூரில் கை மாறிய, இரும்பு கடைகிற சின்ன லேத் ஒன்றை வாங்கிவந்து, அடுப்படியை ஒட்டிய அறையில் மேசைமேல் போல்ட் போட்டு இறுக்கினார். ஒரு தையல் மிஷின் அகலம்கூட இருக்காது.

ஓடாமல் போன பழைய சாவிக் கடிகாரங்களை எங்கிருந்தாவது வாங்கிவருவார். அவற்றுக்குள் ஆடுகிற சக்கரத்தின் அச்சு ஒடிந்திருக்கும். அந்த அச்சின் முனை தலைமுடிக் கனம்தான் இருக்கும். கடையில் கிடைக்காது. அதை அவரே லேத்தில் கடைந்து எடுப்பார். யாரிடமும் காசு வாங்குவதில்லை. ஓடவைத்த கடிகாரத்தைக் கொஞ்ச நாள் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பார், பிறகு கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்.

ஜுலைகாவுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. எள்ளைவிடச் சின்னத் திருகாணி ஏதாவது தெறித்து விழுந்தால், "ஏட்டி ஜுலைகா" என்று ஒரு சத்தம் வரும். கையில் டார்ச்சும் காந்தமுமாகப் போவாள். தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். இதுவரை ஒன்றைக்கூடத் தொலையவிட்டதில்லை. "ஒங் கண்ணு கழுகுக் கண்ணுட்டி" என்பார் ஆதம். அதைக் கேட்பதற்காகவே அவள் போவாள்.

அன்று விருந்து நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி நெய்ச்சோற்றை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாலு மணி பஸ்ஸுக்கு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். ஜுலைகா பின்வாசலில் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சின்னச் சுத்தியலின் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. மூன்றாவது தட்டோடு நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் ஆதம் குழாயடிக்கு வந்து வலது கண்ணில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார்.

"என்னங்க?"

"தூசி. இந்தக் காத்துல எது பறக்குது, எது இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி ஒற்றிக் கொடுத்தாள். கண் லேசாகச் சிவந்திருந்தது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி வந்தார். அதற்கு மறுநாளும் வேலைக்குப் போனார். கேட்டவர்களிடம், தறியிலிருந்து நூல் தும்பு விழுந்துவிட்டது என்றார். சனிக்கிழமை காலையில் சோற்றுக்கு உட்கார்ந்தவர் வலது கண்ணைப் பொத்தியும் இடது கண்ணைப் பொத்தியும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜுலைகா கேட்டதற்கு, "கொஞ்சம் பொகையா இருக்கு. சரியாப் போவும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடத்திலிருந்து எஸ்ரா வந்தான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருக்கிறான். இதே கிறுக்கு அவனுக்கும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு பைக்கில் வந்துவிடுவான். இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார்கள்.

வந்ததும் மேசைமேல் கிடந்த பஞ்ச் கம்பியை எடுத்து, ஐ கிளாஸ் லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தான்.

"முனை ஒடிஞ்சிருக்கே பாய். மணல்ல வச்சு டெம்பர் எறக்கலையா?"

"இல்லவே. அன்னைக்கு அடுப்பு காலி இல்ல. ஒரே ஒரு அச்சத் தட்டி எடுக்கத்தானே, தாங்கும்னு நெனச்சேன்."

"அச்ச எதுக்குத் தட்டுதீரு? அச்சப் பிடிச்சிருக்க ரிவெட்ட லேத்துல கடைஞ்சு எடுத்துட்டா அதுவே கழண்டு வந்துருமே. சுத்தியலே வேண்டாமே."

"அவசரம். விடும்."

"ஒடிஞ்ச துண்டு எங்க?"

"கீழ எங்கயாச்சும் கெடக்கும்."

ஜுலைகாவுக்கு அழைப்பு வந்தது. காந்தமும் டார்ச்சுமாகப் போய்க் குனிந்தாள். எஸ்ராவும் குனிந்தான். மேசைக்கடியில், பாய் மடிப்பில், கதவிடுக்கில் எல்லாம் தேடினார்கள். காந்தத்தில் லேத்துப் பிசிறு முடிமுடியாக ஒட்டிக்கொண்டு வந்தது. அரிசி முனை அளவுத் துண்டு அதில் இல்லை. அவள் நாலு நாளாகக் கூட்டி அள்ளிய குப்பைகூடப் பின்வாசல் சாக்கில்தான் இருந்தது. அதையும் கொட்டிக் கிளறினாள். முக்கால் மணி நேரம் போனது. "என் கண்ணுக்குத் தப்பாதே" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது எஸ்ராவின் டார்ச் தரையில் நகராமல் நின்றுவிட்டது.

அவன் எழுந்தான். நாற்காலியில் இருந்த ஆதமின் தாடையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, வலது கண்ணின் இமையை விரலால் விரித்துப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு கையை எடுத்தான்.

"இங்கன இல்லக்கா. தேடாதீங்க."

"பின்ன எங்கன?"

எஸ்ரா டார்ச்சை அணைத்தான். "மாத்துச் சேலை ஒண்ணு எடுத்துக்கிடுங்க. திருநெல்வேலிக்குப் போணும். நான் காருக்குச் சொல்லுதேன்" என்றான். போனை எடுக்கும்போதும் அவன் ஆதமின் வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான் ஜுலைகாவுக்கு விளங்கியது.

திருநெல்வேலியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தில் ஆதமின் மண்டையோட்டில், கண் குழியின் பின்பக்கம், வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. டாக்டரம்மா பேனா முனையால் அதைக் காட்டினாள். உள்ளே சீழ் வைக்க ஆரம்பித்துவிட்டது. அன்று சாயங்காலமே ஆபரேஷன். துண்டை எடுத்துவிட்டார்கள், பார்வையை மீட்க முடியவில்லை. பத்தாவது நாள் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"அந்தக் கண்ணுல இனி வெளிச்சம் வராது. அதை எடுத்திரலாம்னு சொல்றேன்."

"பார்வை போயிட்டு, சரி. கண்ணு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே டாக்டர்" என்றார் ஆதம்.

"இருக்கிறதுல ஒரு ஆபத்து இருக்கு. ரொம்ப அபூர்வமா, அடிபட்ட கண்ணால நல்ல கண்ணும் கெட்டுப் போகும். எல்லாருக்கும் வராது. ஆயிரத்துல ஒருத்தருக்கு, ரெண்டு பேருக்கு. இந்த நாலு நாளைக்குள்ள எடுத்துட்டா அந்தப் பயம் பெரும்பாலும் இல்ல."

"ஆயிரத்துல ஒருத்தனுக்கா?" ஆதம் மனைவியைப் பார்த்தார். கட்டுப் போட்ட முகத்தோடு அவர் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது.

ஜுலைகா மகளை நினைத்தாள். வயிறும் பிள்ளையுமாக இருப்பவள், வாப்பாவின் முகத்தில் ஒரு குழியைப் பார்த்துவிட்டு மயங்கி விழுந்தால் என்ன செய்வது? பிறக்கப்போகிற பிள்ளை பயந்து அழாதா? "ஆயிரத்துல ஒண்ணு நமக்கா வரப் போவுது? அல்லாஹ் அவ்வளவு சோதிக்க மாட்டான்" என்று அவள்தான் சொன்னாள். அவள் சொன்ன பிறகுதான் ஆதம் எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார்.

"நல்ல கண்ணு லேசா மங்கினாலோ, வெளிச்சம் பட்டுக் கூசினாலோ அன்னைக்கே வந்துரணும். மறுநாள்னு தள்ளக் கூடாது" என்றாள் டாக்டரம்மா. ஜுலைகா தலையாட்டினாள்.

புரட்டாசியில் ஆயிஷாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அந்த ஒரு மாதம் வீடு பழையபடி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆதம் ஒரு கண்ணோடு தறிக்கூடங்களுக்குப் போய்வந்தார். இத்தனை வருடமும் ஐ கிளாஸை வலது கண்ணில் இடுக்கிப் பழகியவர், இடது கண்ணில் இடுக்கக் கற்றுக்கொண்டார். முதலில் அது நிற்காமல் விழுந்து விழுந்து போனது. ஒற்றைக் கண்ணுக்கு எது பக்கம், எது தூரம் என்று பிடிபடவில்லை. ட்வீசர் முனை சாமானைத் தாண்டிப் போய்க் குத்தியது. பதினைந்து நாளில் பிடிபட்டது. ஒருநாள் ஓர் அச்சைக் கடைந்து முடித்து, வெள்ளைத்தாளில் வைத்து அடுப்படிக்குக் கொண்டுவந்தார்.

"பாருட்டி. முனையப் பாரு. நூலு பிடிச்ச மாதிரி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எஸ்ராவுக்குப் போட்டோ அனுப்பினேன். ஒத்தக் கண்ணுல கடைஞ்சதான்னு கேக்கான்." அவர் சிரித்தார். அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான். ஜுலைகா அன்று பக்கத்து வீட்டு மகபூப் பீவிக்கும் சேர்த்துப் பாயசம் வைத்தாள்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஊர் முழுக்க ஈரமும் கொசுவுமாக இருந்தது. மழையைச் சாக்கிட்டு ஆதம் வேலைக்குப் போவதைக் குறைத்தார். சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவை ஒருச்சாய்த்து வைத்துக்கொள்வார். லேத்தின் மோட்டார் ஒரே சீராக ரீங்கரிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஜுலைகாவுக்கு மனசு நிம்மதியாக இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள், தொழுவாள், கொஞ்சம் கண்ணயர்வாள்.

ஒரு மத்தியானம் டீ கொண்டு போனாள். ஆதம் லேத்துக்கு முன்னால் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கடைசல் உளி அவர் கையில் இல்லை, பெட்டியில் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஜுலைகா டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கம்பியைக் கவ்வுகிற சக், வாய் திறந்து வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதில் கம்பியே மாட்டவில்லை.

"என்னத்தக் கடையுதீங்க?"

"சின்னச் சாமான். உனக்குத் தெரியாது."

"ஒண்ணுமே இல்லையேங்க அதுல."

அவள் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தாள். சத்தம் நின்றதும் வெளியே மழைத் தண்ணீர் ஓடுவது பெரிதாகக் கேட்டது.

"எத்தன நாளா?"

"பன்னெண்டு, பதிமூணு நாளு இருக்கும்."

"அல்லாஹ்வே! அன்னைக்கே வரச் சொன்னாங்களே அந்த டாக்டரம்மா. எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா என்ன செய்வே? கூட்டிட்டுப் போவே. அங்கன போனா, இந்தக் கண்ணும் போயிட்டுன்னு சொல்லிப்போடுவாங்க." அவர் குரல் குழந்தையின் குரல் போல இருந்தது. "சத்தம் கேட்டா நீ உள்ள வரமாட்டேன்னு தெரியும். அதான் ஓடவிட்டேன்."

அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடித்தாள் என்றே சொல்லலாம். பிறகு அவர் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஆயிரத்தில் ஒன்று வந்தேவிட்டது. டாக்டரம்மா கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ஜுலைகாவுக்குப் பயமாக இருந்தது. மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். ஆதமுக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை. மருந்தைக் கூட்டினால் சர்க்கரை ஏறியது; குறைத்தால் கண் சிவந்தது. கார்த்திகை, மார்கழி முழுக்கத் திருநெல்வேலி பஸ்ஸிலேயே போனது. முதலில் எதிரே வருபவரின் முகம் தெரியாமல் போனது. பிறகு ஆளே தெரியாமல் போனது. தை பிறந்தபோது, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது. மாசியில் அதுவும் இல்லை.

தறிக்கூடத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். வேறு மெக்கானிக்கை வைத்துக்கொண்டார்கள். யாரைக் குற்றம் சொல்ல? ஜுலைகா நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். காலை எட்டே காலுக்குத் தெருமுனைக்கு வேன் வரும், இருட்டுமுன் கொண்டுவந்து விடும். ஆயிஷா நாலு நாள் வந்து இருந்தாள். வாப்பா பிள்ளைக்காகக் கையை நீட்டும்போது, கை நீண்ட திசைக்கெல்லாம் அவள்தான் பிள்ளையோடு நகர்ந்து போய் நின்றாள். ஊருக்குப் போகும்போது வாசலில் நின்று, "உம்மா, நான் எப்படிம்மா போவேன்?" என்று அழுதாள். பிறகு போய்விட்டாள்.

லேத்தை எஸ்ராவிடம் கொடுத்துவிடச் சொன்னது ஆதம்தான். எஸ்ரா முதலில் மாட்டேன் என்றான். "துருப் பிடிச்சுப் போவும்வே. துருப் பிடிச்சுக் கெடக்குன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு எறங்காது" என்று ஆதம் போனில் சொன்ன பிறகு ஒரு சனிக்கிழமை ஆட்டோவோடு வந்தான். போல்ட்டுகளை ஆதமே தடவித் தடவிக் கழற்றினார். ஒவ்வொரு சாமானுக்கும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி எஸ்ரா கையில் கொடுத்தார். எஸ்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாங்கினான்.

அவன் போன பிறகு மேசைமேல் கம்பெனியிலிருந்து வந்த துணிக்கட்டை வைத்துவிட்டு ஜுலைகா தரையில் உட்கார்ந்தாள். ஆதம் சுவரில் சாய்ந்திருந்தார். ஏழு மாதமாக மனசில் வைத்திருந்ததை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு நான் அடுப்ப விட்டிருந்தா, இப்படி ஆயிருக்காதுல்ல?"

இல்லை என்பார் என்று நினைத்தாள். என் அவசரம், என் தலையெழுத்து, நீ என்ன செய்வே என்பார் என்று எதிர்பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவளை நோக ஒரு சொல் சொல்லாத மனிதர். அவள் காத்திருந்தாள்.

"ஆமா" என்றார் ஆதம்.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். கொஞ்சம் கழித்து, "பத்து நிமிச வேல" என்றார். அவள் எழுந்துபோய் உலை வைத்தாள். அன்றும் சோறு பிசைந்து அவர் கையில் கொடுத்தாள், அவரும் சாப்பிட்டார். அதன்பிறகு அவர்களுக்குள் பேச்சு, தண்ணி வேணுமா, வேண்டாம், படி இருக்கு, பாத்து என்பதோடு நின்றது.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை. ஜுலைகா சோற்று டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எஸ்ரா.

"பாய், சின்ன உளியத் தீட்டுதேன், தீட்டுதேன், முனை நிக்கவே மாட்டேங்கு. ரெண்டு தடவ கடையுமுன்ன மழுங்கிப் போவுது. எப்படித் தீட்டினீரு?" அவன் குரல் போனைத் தாண்டி வெளியே கேட்டது.

ஆதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கல்லு எந்தக் கல்லு? எண்ணெய் விட்டீரா? முதல்ல அதச் சொல்லும்."

ஜுலைகா டப்பாவைப் பையில் வைத்தபடியே பார்த்தாள். அவருடைய முகம் மாறிவிட்டிருந்தது. ஒரு கையில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறு கையை முழங்கால்மேல் வைத்து, இல்லாத கல்லில் இல்லாத உளியைச் சாய்த்துப் பிடித்தார்.

"அவசரப்படக் கூடாது, கேட்டீரா? மணிக்கட்ட ஆட்டக் கூடாது. தோளுல இருந்து வரணும். எட்டுப் போடுத மாதிரி, எட்டுப் போடுத மாதிரி இழுக்கணும். சாய்வு மாறினா முனை உருண்டுபோவும். உருண்ட முனை வெட்டாதுவே, இரும்பத் தேய்க்கும். வெட்டுதா, தேய்க்குதான்னு கையில தெரியும். சொல்லித் தாரேன், இரும்..."

ஒன்றரை மாதத்தில் இத்தனை வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். எதிர்முனையிலிருந்து எஸ்ராவின் "ம்" சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. திருவேங்கடத்துப் பக்கம் எப்போதும் டவர் விட்டு விட்டுத்தான் எடுக்கும். அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். லைன் அறுந்து, காதோரம் தெரிந்த போன் திரையில் பேரன் படம் வந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் அணைந்தது.

"... நான் மொத மொத தீட்டும்போது மூணு நாளு ஆச்சு. விரலெல்லாம் கிழிஞ்சுபோச்சு. நீரு மலைக்காதேயும். கேக்குதா?"

ஆதம் ஒரு நிமிடம் நிறுத்திக் காத்திருந்தார். பதில் வராததை, அவன் கூர்ந்து கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. திரும்பவும் தொடங்கினார். கை முழங்கால்மேல் எட்டுப் போட்டது.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. ஜுலைகா வாயைத் திறந்தாள். ஏங்க, லைன் கட்டாயிட்டு என்று சொல்ல இரண்டு நொடி போதும். சொன்னால் கை நின்றுவிடும். பிறகு இருட்டுகிற வரைக்கும் அவர் இந்தச் சுவரோடு சாய்ந்து இருக்க வேண்டும், அவள் வந்து தண்ணி வேணுமா என்று கேட்கிற வரைக்கும்.

இரண்டாவது ஹாரன் அடித்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கொண்டி சத்தம் போடாமல் கதவைச் சாத்தினாள். உள்ளே அவர் பேசிக்கொண்டே இருந்தார்.